வள்ளுவர் சிலையைப் பார்க்கக் கற்றால் நம் கோயில் கல்லையும் காக்கலாம்

கோல சிலாங்கூர் - தமிழ்நாட்டுக்கு ஆலயச் சுற்றுலா போய் வரும் தோட்டத்து மக்களில் பலர் கன்னியாகுமரியையும் பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். மதுரை, இராமேஸ்வரம், திருச்செந்தூர் முடித்து முக்கடல் முனைக்குப் போனால், கடல் நடுவே நிற்கும் திருவள்ளுவர் சிலையைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. படகில் ஏறி, பாறையில் இறங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, "அம்மாடி, எவ்வளவு பெருசு!" என்ற வியப்போடு பெரும்பாலும் அந்த வருகை முடிந்துவிடுகிறது.

அந்த வியப்பில் தவறில்லை. ஆனால் அந்தச் சிலையில் உயரத்தைத் தவிர பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அது எதன்மேல் நிற்கிறது, இடுப்பு ஏன் வளைந்திருக்கிறது, கை என்ன சொல்கிறது, கல்லும் கல்லும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தெரிந்தால், சிலை வேறு விதமாகப் பேசும்.

இது ரசனையோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல. மலேசியத் தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கும், பிறகு வீடமைப்பு நிலங்களுக்கும் மாறியபோது, தோட்டத்துக் கோயில்கள் பலவும் இடம் மாற வேண்டி வந்தது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று வட சிலாங்கூரில் வாழும் மக்களுக்கு இது புதிய கதையல்ல. கோயில் இடம் மாறும்போது கருங்கல் சிலையும் இடம் மாறுகிறது. எதைக் காப்பது, எதை எப்படித் தூக்குவது, புதிதாகச் செய்யச் சொன்னால் எதைக் கவனிப்பது என்ற முடிவுகளை எடுப்பவர்கள் சாதாரண ஆலயச் செயலவையினர்தான். கல்லைப் பார்க்கத் தெரிந்த இரண்டு பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால் நல்லது.

கணக்கில் தொடங்கும் வடிவம்

கன்னியாகுமரி சிலையை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. காரைக்குடிக்கு அருகிலுள்ள பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த சிற்பிகள் மரபில் வந்தவர். மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தார். சென்னை வள்ளுவர் கோட்டமும் அவர் கைவண்ணமே. 2009-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 2011-இல் காலமானார்.

சிலைக்கு 1979-இல் அன்றைய இந்தியப் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். கட்டுமானப் பணி 1990-இல்தான் தொடங்கியது. இடையில் தடைப்பட்டு, மீண்டும் முடுக்கிவிடப்பட்டு, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி திறந்து வைத்தார்.

மொத்த உயரம் 133 அடி. திருக்குறளின் 133 அதிகாரங்களுக்காக இந்த அளவு என்பது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அந்த 133 அடி பிரிக்கப்பட்டிருக்கும் விதம். பீடம் 38 அடி. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி. அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள். பொருட்பாலில் 70, இன்பத்துப்பாலில் 25. இரண்டும் சேர்ந்தால் 95.

ஆக, வள்ளுவர் எதன்மேல் நிற்கிறார் என்று கேட்டால், அறத்தின்மேல் நிற்கிறார் என்பதே பதில். பொருளும் இன்பமும் அறத்தின்மேல் எழ வேண்டும் என்ற கருத்தை ஒரு வரிகூட எழுதாமல் உயரத்தைப் பிரித்தே சொல்லிவிட்டார் ஸ்தபதி. ஒரு சிலையைப் பார்க்கும்போது பீடத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

பீடம் என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு மண்டபம். அதைச் சுற்றிப் பத்து யானைகள் கல்லில் நிற்கின்றன. எட்டுத் திசைகளோடு மேலும் கீழும், அதாவது வானும் மண்ணும் சேர்ந்து பத்து. யானைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 95 அடி உருவத்தைத் தனியாகப் பார்த்தால் அதன் அளவைக் கண்ணால் பிடிக்க முடியாது. யானை எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியும். யானையைப் பார்த்துவிட்டு மேலே நிமிரும்போதுதான் உருவத்தின் அளவு உறைக்கிறது. செம்பனைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால், மறுநடவுக்காக வெட்டப்படும் வயதான மரம் ஏறக்குறைய 40 அடி இருக்கும். அப்படிப்பட்ட மூன்று மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் வள்ளுவரின் தலை அதற்கு மேலேதான் இருக்கும்.

நிற்கும் விதம்

தமிழ்ப்பள்ளிச் சுவர்களில் நாம் பார்த்துப் பழகிய வள்ளுவர் உட்கார்ந்திருப்பவர். ஒரு கையில் எழுத்தாணி, மறு கையில் ஓலை, எழுதும் கோலம். கன்னியாகுமரியில் இருப்பவர் நிற்கிறார். எழுதி முடித்துவிட்டு உலகத்தைப் பார்த்துப் பேச எழுந்தவர் போல இருக்கிறார்.

நிற்பதிலும் வகை உண்டு. இரண்டு காலிலும் எடையைச் சமமாக ஊன்றி, உடல் எங்கும் வளையாமல் நேராக நிற்பது சமபங்கம். எடையை ஒரு காலில் சற்றே சாய்த்து இலேசாக வளைந்து நிற்பது ஆபங்கம். தலை, உடல், கால் என மூன்று இடத்தில் வளைவது திரிபங்கம். குழல் ஊதும் கண்ணனை நினைத்துக்கொண்டால் திரிபங்கம் புரியும். பெருமாள் கோயில் மூலவரை நினைத்துக்கொண்டால் சமபங்கம் புரியும்.

வள்ளுவர் சிலையில் இடுப்பில் ஒரு மெல்லிய வளைவு இருக்கிறது. ஆடவல்லான் நடராசர் திருமேனியின் அசைவை நினைவூட்டும் வளைவு என்று இதைச் சொல்வார்கள். அந்த வளைவு இல்லாவிட்டால் 95 அடிக் கல் ஒரு தூண்போல விறைத்து நின்றிருக்கும். இருப்பதால், பேரெடை கொண்ட கல்லுக்கு மூச்சு இருப்பதுபோலத் தோன்றுகிறது. பக்கவாட்டிலிருந்தும் நேரிலிருந்தும் மாறி மாறிப் பார்த்தால்தான் இது பிடிபடும். படகில் வரும்போது சிலை மெல்லத் திரும்புவதுபோலத் தெரியும். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்ப்பது நல்லது.

கையும் தலையும்

வலக் கையில் மூன்று விரல்கள் மேல்நோக்கி நிற்கின்றன. அறம், பொருள், இன்பம் என்ற முப்பால் அது. இடக் கையில் ஓலைச்சுவடி. ஒரு கை கருத்தைச் சொல்கிறது, மறு கை அந்தக் கருத்து இருக்கும் நூலைத் தாங்குகிறது.

இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். தலையில் கிரீடம் இல்லை, கொண்டைதான். கையில் ஆயுதம் இல்லை, சுவடிதான். தெய்வத் திருமேனிகளில் கிரீடமும் ஆயுதமும் வாகனமும் யார் என்பதை உடனே சொல்லிவிடும். வேல் இருந்தால் முருகன், சூலம் இருந்தால் அம்மன் அல்லது முனீஸ்வரர் என்று குழந்தையும் சொல்லும். இங்கே ஒரு புலவரை, கோயில் சிற்பம் செய்யும் அதே கல்லில், அதே உளியால், தெய்வ அடையாளங்கள் இன்றிச் செய்ய வேண்டியிருந்தது. தாடியும் கொண்டையும் சுவடியும் விரல்களும் மட்டுமே அடையாளம். அவ்வளவு குறைந்த அடையாளங்களோடு தூரத்திலிருந்தே "வள்ளுவர்" என்று சொல்ல முடிகிறது என்றால் அந்த வடிவம் தெளிவாக இருக்கிறது என்று பொருள்.

அளவைப் பார்க்க எளிய வழி

சிற்ப மரபில் உடலின் அளவை அடியிலோ மீட்டரிலோ சொல்வதில்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்துக்கொண்டு, முழு உருவம் எத்தனை தாலம் என்று சொல்வார்கள். ஒரு தாலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். இது அடிக்கோலில் உள்ள அங்குலம் அல்ல. சிலைக்குச் சிலை மாறும் அளவு. சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். அதனால்தான் அரை அடிச் செப்புத் திருமேனியும் ஆறடிக் கற்சிலையும் ஒரே அழகோடு இருக்க முடிகிறது.

பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து தாலம் என்று நூல்கள் வகுக்கின்றன. பிள்ளையார் குட்டையாகவும் பெரிய தலையோடும் குழந்தைபோல இருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இதை யாரும் வீட்டிலேயே பரிசோதிக்கலாம். சிலையை நேராக எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, முகத்தின் நீளத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்து, அது உடலில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். கோயில் சுவரில் நிற்கும் சில சுதைப் பொம்மைகள் ஏன் ஏதோ சரியில்லாததுபோலத் தெரிகின்றன என்பதற்கும் அந்தக் காகிதத் துண்டு பதில் சொல்லிவிடும். தலை பெரிதாகிவிட்டது, அல்லது கால் குறுகிவிட்டது என்பது எண்ணிக்கையில் தெரியும்.

பத்துமலையும் குமரிமுனையும்

பத்துமலை முருகன் சிலையைப் பார்க்காத சிலாங்கூர் தமிழர் இருக்க மாட்டார். 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் 42.7 மீட்டர், அதாவது 140 அடி. வள்ளுவரைவிட ஏழு அடி கூடுதல். திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி தலைமையிலான சிற்பிகள் செய்தது. அவரே செய்த, சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகன் சிலை 146 அடி உயரத்தோடு 2022-இல் குடமுழுக்குக் கண்டது.

ஏறக்குறைய ஒரே உயரம் என்றாலும் பத்துமலையும் குமரிமுனையும் முற்றிலும் வேறு வகை வேலை. பத்துமலை முருகன் கான்கிரீட் சிலை. 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் 250 டன் இரும்புக் கம்பியும் உள்ளே இருக்கின்றன. மேலே 300 லிட்டர் தங்க வண்ணம். உள்ளே எலும்புபோல இரும்பு இருப்பதால், மேலே கான்கிரீட்டை வேண்டிய வடிவத்தில் வளர்த்துக்கொண்டு போகலாம். தவறிப்போனால் மீண்டும் பூசலாம்.

வள்ளுவர் சிலை கல். எடை ஏறக்குறைய 7,000 டன். 3,681 கற்களைத் தனித்தனியே செதுக்கி, வரிசை வரிசையாக அடுக்கி எழுப்பியது. அம்பாசமுத்திரத்திலிருந்தும் சிறுதாமூரிலிருந்தும் கற்கள் வந்தன. உருவத்தின் உட்பகுதி கீழிருந்து மேல்வரை வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. கல் சுமையைத் தாங்குவதில் வலிமையானது. இழுத்தாலோ வளைத்தாலோ உடையும். எனவே கற்சிலை செய்பவர் எல்லா எடையும் நேராகக் கீழே இறங்கும்படி வடிவத்தை யோசிக்க வேண்டும். கான்கிரீட்டில் கையை வெளியே நீட்டலாம், இரும்பு பிடித்துக்கொள்ளும். கல்லில் கையை உடலோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டும். வள்ளுவரின் கைகள் உடலை விட்டு விலகாமல் இருப்பதற்கு அடக்கம் மட்டும் காரணமல்ல. கல்லின் இயல்பும் காரணம்.

கல்லில் ஒரு முறை வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. எந்தக் கல் எந்த இடத்துக்குப் போகும், அதன்மேல் எந்த மடிப்பு, எந்த விரல் வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். அருகில் போனால் கற்கள் சேரும் கோடுகள் தெரியும். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோடுகளைத் தாண்டி ஆடையின் மடிப்பு தடையின்றி ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் ரசனை. மண்டபத்துக்குள் இருக்கும் 140 படிகளில் ஏறிப் பாதங்களுக்கு அருகில் நின்றால் இதை நன்றாகப் பார்க்கலாம்.

கடலோடு வாழும் கல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குமரிமுனையைத் தாக்கியபோதும் சிலை அசையாமல் நின்றது. ஆனால் நாள்தோறும் வரும் எதிரி உப்புக்காற்று. கல்லின் நுண்துளைகளில் உப்பு படிந்து, காய்ந்து, பூத்து, மேற்பரப்பை உதிர வைக்கும். அதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, சிலையைக் கழுவி, காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சியெடுத்து, பாதுகாப்புக் கலவை பூசுகிறார்கள். 2024 டிசம்பர் 30 முதல் விவேகானந்தர் பாறையிலிருந்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் வழியாகவும் சிலைக்கு நடந்து போகலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அவ்வளவு செலவு செய்தும் அந்தக் கல்லின்மேல் வண்ணம் பூசவில்லை. கல்லைக் கல்லாகவே காக்கிறார்கள். எனாமல் வண்ணம் பூசினால் கல்லுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். உளியின் நுண்ணிய கோடுகளும் மூடிப்போகும். கடற்காற்று வீசும் கோல சிலாங்கூர், ஜெராம், செகிஞ்சான் பக்கத்துக் கோயில்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் பாடம்.

நம் கோயில் கல்

இனி நம் பக்கம் வருவோம். ஒரு தோட்டத்துக் கோயிலில் வழக்கமாக மூன்று வகை உருவங்கள் இருக்கும். கோபுரத்திலும் சுவரிலும் வண்ணச் சுதை. உற்சவத்துக்கு உலோகத் திருமேனி. கருவறையில் கருங்கல் மூலவர். இவற்றோடு, செதுக்கப்படாத ஒரு கல்லையே சாமியாக நட்டு, சூலம் ஊன்றித் தோட்டத்து முன்னோர் வணங்கிய இடங்களும் உண்டு.

எண்ணெய்க் காப்பிலும் அபிஷேகத்திலும் கருங்கல் மூலவர் ஆண்டுக்கணக்கில் கறுத்து மின்னுவார். அலங்காரம் கலைந்து அபிஷேகம் நடக்கும் நேரத்தில்தான் சிற்பியின் வேலை முழுதாகத் தெரியும். எப்படி நிற்கிறார், கை எந்த முத்திரையில் இருக்கிறது, பீடத்தில் தாமரை இதழ் எப்படி விரிகிறது என்று அப்போது பார்க்கலாம். முருகன் சிலைகளில் வேல் பெரும்பாலும் தனி உலோகமாகச் சாத்தப்பட்டிருக்கும். மெல்லிய தண்டைக் கல்லில் செய்தால் நிற்காது என்பது சிற்பிக்குத் தெரியும். விரல்களுக்கு இடையே சிறிது கல்லை விட்டுவைப்பதும், கையின் பின்புறம் கல்லோடு சேர்ந்திருப்பதும் அதே காரணத்தால்தான்.

இடம் மாற்றும்போது சிலைக்கு ஆபத்து வருவது கழுத்து, விரல், கணுக்கால் போன்ற மெல்லிய இடங்களில். மூலவரைப் பீடத்தோடு பிணைப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் உள்ளிட்ட எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்துச் செய்வது. புதிதாக இருக்கும்போது இளகும். ஆண்டுகள் போகப் போக இறுகிவிடும். இறுகிய பிணைப்பைக் கடப்பாரை கொண்டு நெம்பினால் மருந்து பெயர்வதற்கு முன் கல் உடைந்துவிடலாம். பாலாலயம் செய்து, விஷயம் தெரிந்த ஸ்தபதியை வைத்து மருந்தைச் சுரண்டி எடுத்த பிறகே தூக்க வேண்டும்.

தூக்குவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, உயரம், அகலம், பீடத்தின் அளவு ஆகியவற்றை எழுதி வைப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், யார் முயற்சியில் வந்த சிலை என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு அதோடு சேர்த்து எழுதினால் அதுவே அந்தத் தோட்டத்தின் வரலாறு. புக்கிட் மலாவத்தியில் தலை வெட்டப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் கல் ஒன்று இருக்கிறது. அதில் சிற்பவேலை பெரிதாக ஒன்றுமில்லை. கதை கூடவே வந்ததால்தான் இன்றும் மக்கள் அதைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். கதையை இழந்த தோட்டத்துச் சிலை, இன்னொரு கோயில் மூலையில் பெயரில்லாத கல்லாகிவிடும்.

உடைந்த சிலையை வழிபாட்டில் வைக்கக் கூடாது என்று நீரில் விட்டுவிடும் வழக்கம் உண்டு. வழிபாட்டு முறை அவரவர் நம்பிக்கை. ஆனால் பழையதாகிவிட்டது, சிறியதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நல்ல கல்லை மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்தபதியிடம் காட்டுவது நல்லது. உண்மையிலேயே பின்னப்பட்டிருந்தாலும், நீரில் விடுவதற்கு முன் படமும் அளவும் எடுத்து வைக்கலாம்.

புதிதாகச் சிலை செய்யச் சொல்வோர் "எத்தனை அடி, எத்தனை வெள்ளி" என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கீழ்க்கண்டவற்றையும் கேட்கலாம்:

- ஒரே கல்லில் செய்யப்படுகிறதா? பீடம் தனிக் கல்லா?
- கல்லைத் தட்டிப் பார்த்தார்களா? நல்ல கல் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். ஒலி மங்கினால் உள்ளே வெடிப்பு இருக்கலாம். ஒலியை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பது சிற்பிகளின் மரபு.
- உருவம் எத்தனை தாலக் கணக்கில் செய்யப்படுகிறது? வரைபடத்தை முன்கூட்டியே காட்டுவார்களா?
- நுண்வேலை உளியால் முடிக்கப்படுகிறதா, அல்லது முழுதும் இயந்திரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கப்படுகிறதா?
- கழுத்தும் விரலும் கப்பல் பயணத்தையும் லாரிப் பயணத்தையும் தாங்கும் அளவுக்குக் கல் விடப்பட்டிருக்கிறதா?
- கண் திறப்பை எங்கே, யார் செய்வார்?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் சிற்பி பெரும்பாலும் நல்ல சிற்பியாகவே இருப்பார். கேட்கத் தெரிந்த செயலவைக்கு நல்ல சிலை கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

அடுத்த முறை குமரிமுனைக்குப் போகிறவர்கள் படம் எடுத்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, பீடத்திலிருந்து தொடங்கி யானை, பாதம், இடுப்பு, கை, முகம் என்று மெல்லக் கண்ணை மேலே கொண்டுபோகலாம். ஊர் திரும்பியதும் வரும் முதல் வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில், அதே வரிசையில் தங்கள் கோயில் மூலவரையும் பார்க்கலாம். பிள்ளைகளை அருகில் நிறுத்தி, "கை எப்படி இருக்கு, கால் எப்படி நிக்குது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் போதும். கோயில் நாளை எங்கே போனாலும், எதைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.